பந்தி வஞ்சனை

இடப்பக்கக் கதவு வென்டல் ஸ்விடர்ஸ்கியுடையது.
வலப்பக்கம் என்னுடையது.
நடுவில் வண்டி. கூரை உண்டு, இருக்கை இன்னும் இல்லை.
அறுபத்திரண்டு நொடி எங்களிடம் நிற்கும்.
நிற்காது,
நகர்ந்துகொண்டே நிற்பதுபோல் ஒரு பாவனை.
நான்கு போல்ட், இரண்டு கீல், ஒரு ரப்பர் பட்டை.
அவர் கையிலிருக்கும் முறுக்குத் துப்பாக்கியும் என்னுடையதும்
ஒன்றாய் இரைந்து ஒன்றாய் அடங்கும்.

அவருக்கு மணிக்கு இருபத்தெட்டு டாலர்.
எனக்குப் பதினைந்து எழுபத்தெட்டு.

வலப்பக்கக் கதவுக்குத் தள்ளுபடி கேட்டு
யாரும் இதுவரை வண்டி வாங்கியதில்லை.

சங்கச் சந்தா மாதம் இரண்டரை மணி நேரக் கூலி,
எல்லோருக்கும் சமம் என்றார்கள்.
என் இரண்டரை மணி அவருடையதைவிட மலிவு.

டொலிடோவில் பிப்ரவரி.
என் பழைய காருக்கு ரிவர்ஸ் விழாது.
ஷிஃப்டுக்கு முக்கால் மணி முன்னே வந்து
வேலியோரக் கடைசி வரிசையில்
மூக்கு வெளியே பார்க்க நிறுத்துவேன்,
பின்னால் போகவே தேவைப்படாத இடத்தில்.
உப்பும் பனியும் கலந்த சேற்றில்
அங்கிருந்து வாசலுக்கு அறுநூறு அடி.

ஒருநாள் காபி இயந்திரத்தருகே அவரே சொன்னார்:
"ஆம்னுதான் போட்டேன், லவோன்.
போடலைன்னா ஆலையை மூடிருவோம்னாங்க.
இனி வர்றவங்களுக்குத்தான் குறையும்னாங்க.
இனி வர்றவங்கன்னா யாரு?
முகமே இல்லாத ஆளுங்க."

அவர் ஆம் போட்ட வாரம்
நான் பதினோராம் வகுப்பில்
வேதியியல் தேர்வில் தோற்றுக்கொண்டிருந்தேன்.
முகம் இருந்தது. பரு கூட இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவரோடு பேசவில்லை.
ஒரே பந்தியில் உட்காரவைத்து
என் இலையைத் தாண்டிப் போன கை இதுதான் என்று
போல்ட் போல்ட்டாக அவர் கையையே பார்த்தேன்.
இரண்டு விரல் நகம் கறுத்த கை.

மார்ச்சில் ஒரு காலை,
மாற்றாள் வராமல், அடிவயிறு வெடிக்கும்போல் இருக்க,
நான் எதுவும் கேட்குமுன் தலையசைத்தார். போ.
திரும்பி வந்து தூணோரம் நின்று பார்த்தேன்:
அறுபத்து மூன்று வயது முழங்கால்களோடு
வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடி
இரண்டு கதவும் மாட்டிக்கொண்டிருந்தார்.
அந்த மூன்று நிமிடம் மட்டும்
வலப்பக்கக் கதவு முழுச் சம்பளம் வாங்கியது.

இலையுதிர் காலத்தில் புதிய ஒப்பந்தம் வந்தது,
வழவழப்பான தாளில், கைகோத்த படங்களோடு.
எங்கள் அடுக்கு நாலு வருடத்தில் மேலே ஏறும்.
கையெழுத்தானால் ஐயாயிரம் டாலர் உடனே.
தற்காலிகத் தொழிலாளர் பற்றி
நாற்பத்தோராம் பக்கத்தில், பொடி எழுத்தில்:
பின்னர் பேசப்படும்.

சங்கக் கூடத்தில் அட்டைத் தடுப்புகள்,
நூலில் கட்டிய பென்சில்,
சுவரில் வெள்ளிக்கிழமை பிங்கோ எண்கள் அழிக்கப்படாமல்.
பென்சிலை வெகுநேரம் பிடித்திருந்தேன்.
பின்னால் யாரோ இருமினார்கள்.
ஐயாயிரம். கியர்பாக்ஸ் ஆயிரத்து எண்ணூறு.

ஆம்.

வென்டல் ஓய்வுத்தொகை வாங்கிக்கொண்டு போய்விட்டார்,
கையுறையை என் கொக்கியில் மாட்டிவிட்டு.
வண்டி இப்போது பின்னாலும் போகிறது.
முதல்நாள் ரிவர்ஸ் எடுத்தபோது கண்ணாடியில்
பேருந்துக்காகக் குதித்துக் குதித்துக்
காலைச் சூடாக்கிக்கொண்டிருந்தான் ஒருவன்.
முகம் நன்றாகவே தெரிந்தது.

இடப்பக்கக் கதவு யாதியேலுடையது.
மூன்றாம் வருடமாகத் தற்காலிகம்.
நான் எப்படிப் போட்டேன் என்று அவன் கேட்கவில்லை.
அவரைவிட வேகம், மெல்லிய பாட்டு ஒன்று எப்போதும் வாயில்.
இன்று பாட்டு நின்றது.
நிமிர்ந்தேன். கண்ணாலேயே கழிவறைப் பக்கம் காட்டினான்.
போ என்றேன்.

இரண்டு துப்பாக்கியும் என்னிடம்.
இடப்பக்கம் என் கைக்குப் பழகவில்லை,
முதல் போல்ட் வழுக்கி விழுந்து
எங்கோ வண்டிக்கடியில் உருள்கிறது.